முப்பத்தொன்றரை ஆட்டம்

கேள்வியே தப்புங்க. "உங்க பள்ளிக்கூடத்துல கணக்கு நல்லாச் சொல்லிக் குடுப்பாங்களா"ன்னு கேக்கறீங்க. நல்லாச் சொல்லிக் குடுத்து என்ன பண்றது? மார்க் வருமான்னு கேளுங்க. அதக் கேட்டா நான் பதில் சொல்லுவேன்.

உக்காருங்க மொதல்ல. மாடி வீட்டுச் சாவி எங்க வீட்டுக்காரருகிட்ட இருக்குது, சந்தைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. வீடு எங்கயும் ஓடிப் போயிடாது. ஃபேன் போடட்டுங்களா?

நான் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் இருக்கறேன். பத்தாவது கணக்கு. வசந்தாமணி மிஸ்னு பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரர்கிட்டக் கேட்டிருந்தாலே வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டிருப்பாரு. எங்கிட்டப் படிச்சதுங்க இன்னைக்கு டாக்டரா, இஞ்சினியரா எங்கெங்கயோ இருக்குது. ஆனா வெறுத்துப் போச்சுங்க. நெசமாலுமே வெறுத்துப் போச்சு. காலைல சேலை கட்டிட்டுக் கெளம்பறப்பவே வாயெல்லாம் கசக்குது. எல்லாம் போன வருசத்துல இருந்துதான். ஒரு புள்ளையால. ஒரே ஒரு புள்ளை.

சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க யாரு பக்கம் நாயம்னு. இங்க யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்கறாங்க. சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது இதுல?

அந்தப் புள்ள பேரு இலக்கியா. ஒம்பதாவது வரைக்கும் வேற ஊர்ல படிச்சுட்டு, பத்தாவதுக்கு எங்ககிட்ட வந்து சேந்துச்சு. அவங்கம்மா கவருமெண்டு ஆஸ்பத்திரியில நர்சு, மாத்தலாகி வந்தவங்க. அப்பா இல்லை. ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருக்கும். வந்த மொத வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது தலைவலி புடிச்ச கேசுன்னு. நான் போர்டுல ஃபார்முலா எழுதறேன், மத்ததுங்க எல்லாம் குனிஞ்சு எழுதிட்டு இருக்குது, இது மட்டும் பேனாவ வாயில வெச்சுட்டு போர்டையே பாத்துட்டு இருக்கும். "என்ன புள்ள, எழுதலையா?"ன்னா, "இது எப்படி மிஸ் வந்துச்சு?"ங்கும். எப்படி வந்துச்சு! பஸ் ஏறியா வந்துச்சு? புஸ்தகத்துல இருக்குது, எழுது. அவ்ளோதான்.

கெட்ட புள்ளைன்னு சொல்ல மாட்டேன். அது வேற. மரியாதை தெரிஞ்ச புள்ளைதான். படிக்கும். ஆனா அதும்பாட்டுக்கு யோசிக்கும். அதுதாங்க வியாதி.

அரையாண்டுப் பரிச்சை வந்துச்சு. நாந்தான் கேள்வித்தாள் எடுத்தேன். அஞ்சு மார்க்குல ஒரு கணக்கு. கபடிப் போட்டி நடக்குது, அறுபத்திநாலு அணி. தோத்த அணி வெளிய போயிரணும், ஜெயிச்ச அணி அடுத்த சுத்துக்குப் போவணும். கடைசியில ஒரு அணி கோப்பை வாங்கற வரைக்கும் மொத்தம் எத்தனை ஆட்டம்? இதான் கணக்கு. மொத சுத்துல முப்பத்திரண்டு ஆட்டம், அடுத்து பதினாறு, அப்புறம் எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு. பெருக்குத் தொடர். கூட்டறதுக்கு ஃபார்முலா இருக்குது. ஃபார்முலா எழுதுனா ஒரு மார்க், மதிப்பைப் போட்டா ரெண்டு, சுருக்குனா ஒண்ணு, விடை அறுபத்திமூணுன்னா ஒண்ணு. ஆச்சுங்களா அஞ்சு?

இந்தப் புள்ள என்ன எழுதிச்சு தெரியுங்களா? ரெண்டே வரி. "ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு அணி வெளியேறும். கடைசியில் ஒரு அணிதான் மிஞ்ச வேண்டும் என்பதால் அறுபத்திமூணு அணி வெளியேற வேண்டும். ஆகவே அறுபத்திமூணு ஆட்டம்." முடிஞ்சுது. கீழ கோடு வேற போட்டிருக்குது, அழகா, ஸ்கேல் வெச்சு.

ஃபார்முலா எங்க? இல்லை. மதிப்பு எங்க? இல்லை. கணக்குப் பேப்பர்ல வாக்கியம் இருந்தா என் கண்ணு அதுமேல நிக்காதுங்க, எண்ணு எங்கன்னுதான் தேடும். எண்ணு அறுபத்திமூணு இருந்துச்சு. ஒரு மார்க் போட்டேன். பக்கத்துல இருந்து பாத்து எழுதிட்டு, பாத்தது தெரியாம இருக்கறதுக்கு ரெண்டு வரி கதை விட்டிருக்குதுன்னுதான் நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நெனைப்பாங்க?

அதே கணக்கை சர்வேஷ்னு ஒரு பையன் போட்டிருந்தான். தங்கமான பையன். ஃபார்முலா டக்குனு, மதிப்பு டக்குனு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கடைசியில கீழ ஒரு அரை இருக்கும், அதால வகுக்கோணும். அத மறந்துட்டான். விடை முப்பத்தொண்ணரைன்னு வந்துருச்சு. சின்னத் தப்பு. நாலு மார்க் போட்டேன். நாயமாத்தான போட்டேன்? வழி தெரிஞ்சவனுக்கு நாலு, வழி இல்லாம விடை மட்டும் எழுதுனதுக்கு ஒண்ணு.

பேப்பரைக் குடுக்கற அன்னிக்குப் பாக்கோணும் நீங்க. இலக்கியா எந்திரிச்சு நின்னு, "மிஸ், என் விடை தப்புங்களா?"ன்னுச்சு.

"விடை சரி. வழி இல்லை."

"வழி எழுதிருக்கேன் மிஸ். படிச்சுப் பாருங்க."

"கணக்குல கதை எழுதக் கூடாது புள்ள. உக்காரு."

உக்காந்துச்சு. அதோட போயிருக்கோணும். ஆனா சர்வேஷ் பேப்பரு பெஞ்சு பெஞ்சா சுத்தி வந்துருச்சு. பின்னாடி இருந்து எவனோ ஒருத்தன், "மிஸ், முப்பத்தொண்ணரை ஆட்டத்துல அந்த அரை ஆட்டத்தை யாரு மிஸ் ஜெயிச்சா?"ன்னான். கிளாஸே சிரிச்சுது. இன்னொருத்தன், "அரை ஆட்டம் முடிஞ்சதும் மழை வந்துருச்சு மிஸ்"ங்கறான். சர்வேஷ் மூஞ்சி செவந்து போச்சு பாவம். நான் டஸ்டரை மேசையில தட்டித் தட்டிக் கை வலிச்சுது. நாலு மார்க் வாங்குன பையனைப் பாத்துச் சிரிக்குதுங்க, ஒரு மார்க் வாங்குனவளப் பாத்து ஒண்ணும் சிரிக்கலை. அப்பவே எனக்குச் சீன்னு ஆயிருச்சு.

இதுல இன்னொண்ணு இருக்குது. எங்க பள்ளிக்கூடத்துல அரையாண்டு மார்க்கை வெச்சு 'சென்டம் பேட்ச்'னு பிரிப்பாங்க. பப்ளிக் பரிச்சையில நூத்துக்கு நூறு வாங்கும்னு தோணற புள்ளைங்களை மட்டும் தனி ரூம்ல உக்கார வெச்சு, ஆறு மணி வரைக்கும் படிக்க வெப்போம். அந்த நாலு மார்க்குல இலக்கியா வெளிய போயிருச்சு. பி செக்சன். சர்வேஷ் உள்ள வந்துட்டான். நான் வேணும்னு பண்ணலைங்க. மார்க் சொல்லுது, நான் பிரிக்கறேன்.

மறுநாள் அவங்கம்மா வந்து நிக்கறாங்க. சாந்தகுமாரின்னு பேரு. டூட்டி முடிச்சு அப்படியே வந்திருக்காங்க, வெள்ளைச் சேலையில. ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு, "டீச்சர், எனக்குக் கணக்கெல்லாம் வராதுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். எம்பொண்ணு எழுதுனது சரியா, தப்பா?"ன்னாங்க.

"விடை சரிங்க."

"அப்ப வழி தப்புங்களா?"

"வழி தப்புன்னு இல்லைங்க. அது வழியே இல்லை."

"வழி இல்லாம எப்படிங்க போய்ச் சேந்தா?"

நான் என்னங்க சொல்றது? "பாத்து எழுதியிருப்பா"ன்னு சொல்லிட்டேன். அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. சத்தம் போடுவாங்கன்னு பாத்தேன், போடலை. "பாத்து எழுதற புள்ளைன்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன். ஆனா ஒரு தடவை அவகிட்டக் கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போயிட்டாங்க.

ஹெச்.எம். தேவசகாயம் சாரு. நல்ல மனுசன்தான், ஆனா கணக்குக்காரர் இல்லை, தாவரவியல். என்னையும் கூப்புட்டாரு, இலக்கியாவையும் கூப்புட்டாரு. பேப்பரை வாங்கிப் படிச்சாரு. படிச்சவரு, கண்ணாடியைக் கழட்டிட்டு, "அட!"ன்னாரு. மறுபடி படிச்சாரு. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்கறாரு. "அட, ஆமால்ல! ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆள் அவுட்டு. அவ்ளோதான!" சின்னப் பையனாட்டம் மேசையில தட்டறாரு. "வசந்தாமணி மேடம், இதப் படிச்சீங்களா நீங்க?"

"பாத்தேன் சார்."

"பாத்தீங்க. படிச்சீங்களா?"

ஒரு பேரண்டு முன்னாடி, ஒரு மாணவி முன்னாடி ஒரு சீனியர் டீச்சரைக் கேக்கற கேள்விங்களா இது? எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. நானும் விடலை. "சார், இது இந்தக் கணக்குக்குத்தான் சரிப்படும். நம்ம ஃபார்முலா எல்லாக் கணக்குக்கும் வரும்"னேன்.

அவரு அந்தப் புள்ளையப் பாத்து, "ஏம்மா, எழுபது அணி இருந்தா?"ன்னாரு.

"அறுபத்தொம்பது சார்"னுச்சு. கண்ணச் சிமிட்டறதுக்குள்ள.

"மேடம், எழுபதை ஃபார்முலாவுல போடுங்க பாப்போம்"ங்கறாரு. எழுபதுல பாதி முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சுல பாதி பதினேழரை. வராதுங்க. வரக்கூடாதுங்க! எழுபது அணின்னு பப்ளிக்ல கேக்கவே மாட்டாங்க, அதச் சொன்னேன். "சார், எழுபதுன்னு கேள்வி வராது"ன்னேன். அதுக்கும் சிரிக்கறாரு மனுசன்.

அஞ்சு மார்க்கும் போடச் சொல்லிட்டாரு. போட்டேன். சிவப்புப் பேனாவுல ஒண்ணை அடிச்சு அஞ்சு போட்டேன். என் சர்வீசுல நானே போட்ட மார்க்கை நானே அடிச்சது அன்னிக்குத்தான். அந்தப் புள்ள சென்டம் பேட்ச்சுக்கு வந்துருச்சு. அதோட விட்டாரா? சனிக்கெழம ஸ்டாஃப் மீட்டிங்ல அத எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாரு. "விடையப் பாக்காதீங்க, வழியப் பாக்காதீங்க, புள்ள என்ன யோசிச்சிருக்குதுன்னு பாருங்க"ன்னு லெக்சரு. நேத்து வேலைக்குச் சேந்த இயற்பியல் பொண்ணு கை தட்டுது.

இருங்க, மோரு கொண்டாறேன். ...குடிங்க. உப்புப் பத்தலைன்னா சொல்லுங்க.

என்னையப் பாத்தா உங்களுக்குக் கல்நெஞ்சுக்காரின்னு தோணும். ஹெச்.எம். திருத்தப் போனதில்லைங்க, நான் போயிருக்கறேன். பப்ளிக் பேப்பர் திருத்தற முகாமுக்கு வருசா வருசம் போயிருக்கறேன். மே மாச வெயிலு, தகரக் கொட்டாயி, ஃபேன் சுத்தற சத்தம் மட்டும் வரும், காத்து வராது. கட்டுக் கட்டாப் பேப்பரு. முன்னால விடைக்குறிப்பு. கண்ணு குறிப்புக்கும் பேப்பருக்குமா போய்ப் போய் வரும், அவ்ளோதான். ஒரு வருசம் எம்பக்கத்து மேசையில ஒருத்தரு ஒரு கணக்கைச் சரக்குனு குறுக்க அடிச்சாரு. எட்டிப் பாத்தேன். விடை சரி. எந்த ஊருப் புள்ளையோ, அதும்பாட்டுக்கு ஒரு வழியில போட்டிருக்குது. சரியாத்தான் இருந்துச்சு. "சார், விடை சரியா இருக்குதே"ன்னேன். "குறிப்புல இருக்குதுங்களா மேடம்? இல்லைல்ல? நாலு மணிக்குள்ள கட்டு முடிக்கோணும்"னாரு. வேற வழியில போட்டாலும் மார்க் குடுக்கலாம்னு குறிப்புலயே மேல எழுதியிருக்கும். யாரு படிக்கறாங்க? அந்தப் புள்ள எங்கயோ உக்காந்து அழுதிருக்கும். எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை. என்னைய நம்பி வர்ற ஒரு புள்ளையோட கணக்கையும் ஒருத்தன் இப்படி அடிக்க விடக்கூடாதுன்னு அன்னைக்கு நெனைச்சேன். இலக்கியாவுக்கு நான் பண்ணுனது எல்லாம் அதுக்காகத்தான். ஹெச்.எம்.முக்குச் சிரிக்கறதோட வேலை முடிஞ்சுது. நூறு வாங்க வெக்கறது யாரு?

அதனால திருத்தினேன். உக்கார வெச்சுத் திருத்தினேன்.

மொதல்ல அது ஒத்துக்கலை. அதோட வழியில ஒரு தடவை போடும், அதுக்குக் கீழ என் வழியில ஒரு தடவை போடும். "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ் வருது, பாருங்க"ன்னு ஓடி வந்து காட்டும். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நான் மேல இருக்கறதச் சிவப்புல ஒரே கோடா அடிச்சுட்டு, கீழ இருக்கறதுக்கு மட்டும் டிக் போடுவேன். அடிக்கறது, டிக்கு. அடிக்கறது, டிக்கு. ஃபார்முலா எழுதாம ஆரம்பிச்சா அதே கணக்கைப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். வெளிய அனுப்பலை, கை நீட்டலை, ஒரு கெட்ட வார்த்தை பேசலை. பொறுமையா, அன்பாத்தான் பண்ணினேன்.

பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்ப மேல எழுதறதை நிறுத்திருச்சு. கீழ இருக்கறது மட்டும் இருந்துச்சு. அச்சு அசலா என் போர்டுல இருக்கற மாதிரி. அடுத்து கேள்வி கேக்கறதும் நின்னு போச்சு. பேனா வாயில வெக்கறது போச்சு. நான் எழுத எழுத அதுவும் குனிஞ்சு எழுதும். பாத்தா சர்வேஷா இலக்கியாவான்னு தெரியாது, அவ்ளோ சுத்தம். எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுங்களா? இயற்பியல் பொண்ணைக் கூப்புட்டுக் காட்டினேன், "பாரு, அந்தப் புள்ள நோட்டுதான் இது"ன்னு. அது நோட்டை மூடி எங்கையில குடுத்துட்டுக் கிளாஸுக்குப் போயிருச்சு. பொறாமை.

ஹால் டிக்கெட் வாங்க அவங்கம்மா வந்தாங்க. "டீச்சர், முன்னெல்லாம் தலை சீவறப்ப ஏதாவது சொல்லிட்டே இருப்பா. வார்டுல இத்தனை கட்டிலு, இத்தனை நர்சு, எப்படி மாத்தி மாத்திப் போட்டா எல்லாத்துக்கும் ஞாயித்துக்கெழம லீவு வரும்னு அவளே ஒண்ணு போட்டுக் குடுத்தா. எங்க சிஸ்டரெல்லாம் அதத்தான் வெச்சிருக்கோம். இப்ப ஒண்ணும் பேச மாட்டேங்கறா. சீப்புப் பட்டா வலிக்குதுன்னு கூடச் சொல்ல மாட்டேங்கறா"ன்னாங்க.

"பரிச்சை நேரமுங்க, கவனம் எல்லாம் படிப்புல இருக்குது. நல்லதுதான்"னு சொல்லி அனுப்புனேன். வேற என்ன சொல்றது? அம்மாக்களுக்குப் புள்ள பேசுனாலும் கொறை, பேசாட்டியும் கொறை.

ரிசல்ட் வந்துச்சு. இலக்கியா கணக்குல நூத்துக்கு நூறு. நூறுங்க! சர்வேஷுக்குத் தொண்ணூத்தி ஆறு, அவனுக்குக் கடைசி வரியில எப்பவும் ஒரு தடுமாத்தம். வாசல்ல பேனர் வெச்சோம், அதுல அந்தப் புள்ள போட்டோ, பக்கத்துல என் பேரு. ஹெச்.எம். என்னையக் கூப்புட்டுக் கை குடுத்தாரு. நான் மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டேன், எங்க போச்சு உங்க சிரிப்புன்னு.

வரும், ஸ்வீட்டு கொண்டுட்டு வரும்னு பாத்தேன். எல்லாப் புள்ளைங்களும் வந்துச்சு. சர்வேஷ் அப்பா ஒரு கிலோ பாதுஷா கொண்டாந்து குடுத்துட்டு, எங்கால்ல பையனை விழ வெச்சாரு. இது வரலை. சரி, போவுது, நன்றி கெட்ட காலம். டி.சி. வாங்கக் கூட அவங்கம்மாதான் வந்தாங்களாம். நான் அன்னிக்கு லீவு.

ஜூன் மாசம் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பேக்கரி. பப்ஸ் ஒண்ணு சொல்லிட்டு நிக்கறேன், அந்தப் புள்ள எதுக்கால வருது. புது யூனிஃபார்ம், ரெட்டைப் பின்னல். என்னையப் பாத்ததும் நின்னுச்சு. "வணக்கம் மிஸ்." கொறை சொல்ல முடியாது, வணக்கம் சொல்லிச்சு.

"எந்தப் பள்ளிக்கூடம் புள்ள இப்ப?"

"கவருமெண்டு கேர்ள்ஸ் மிஸ்."

"மேத்ஸ் பயாலஜியா, கம்ப்யூட்டரா?"

"காமர்ஸ் மிஸ். கணக்கு இல்லாத குரூப்பு."

எனக்குப் புரியவே இல்லைங்க. காதுல சரியா விழலைன்னு நெனைச்சேன். "ஏம் புள்ள, பைத்தியமா உனக்கு? நூத்துக்கு நூறு வாங்கிட்டு எவளாவது கணக்கை விடுவாளா? உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?"

அது சிரிச்சுது. முன்ன மாதிரி மூஞ்சியெல்லாம் சிரிக்கற சிரிப்பு இல்லை. வீட்டுக்கு வந்தவங்களைப் பாத்துச் சிரிப்பமே, அந்தச் சிரிப்பு. "அதான் நூறு வாங்கிக் குடுத்துட்டேனே மிஸ்"னுச்சு.

வாங்கிக் குடுத்துட்டேனே! எனக்கு வாங்கிக் குடுத்துச்சாம். கேட்டீங்களா பேச்சை? திமிரா சொல்லியிருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். திமிரும் இல்லைங்க. மொகத்துல கோவமும் இல்லை, அழுகையும் இல்லை. கடையில சாமான் வாங்கிட்டு வரச் சொன்னதுக்கு வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போற மாதிரி, அவ்ளோ மரியாதையாச் சொல்லுச்சு. "வர்றேன் மிஸ்"னுட்டு ரோட்டத் தாண்டிப் போயே போயிருச்சு. திரும்பிப் பாக்கவே இல்லை.

பப்ஸு கையில இருந்துச்சு. ஒரு கடி கடிச்சேன், உள்ள எறங்கலை. கடை ஓரமாப் போய்த் துப்பிட்டேன். எண்ணெய் சரியில்லைங்க அந்தக் கடையில. திரும்பத் திரும்பக் காய்ச்சறாங்க. அன்னைல இருந்து வெளிய எதுவும் வாங்கித் திங்கறதே இல்லை. வாயி கசக்கறது மட்டும் இன்னும் நிக்க மாட்டேங்குது.